சாவி யார் கையில்?

2019 மே 12ஆம் தேதி இரவு சென்னை சூப்பர் கிங்ஸ் (சிஎஸ்கே) ஒரே ஒரு ரன்னில் ஐபிஎல் கோப்பையை மும்பையிடம் கோட்டைவிட்டது. முழங்காலில் ரத்தம் கசிய வாட்சன் 80 ரன் அடித்ததையும், கடைசிப் பந்தில் மலிங்கா ஷர்துல் தாக்கூரை எல்பிடபிள்யூ ஆக்கியதையும் எங்கள் ஊரான தென்னேரியின் டீக்கடையில் கேட்டால் இன்றைக்கும் பந்து பந்தாக ஒப்பிப்பார்கள். அந்த ஆட்டம் ஏன் ஹைதராபாத்தில் நடந்தது என்று கேட்டால் பாதிப்பேர் முழிப்பார்கள். முந்தைய ஆண்டின் சாம்பியன் ஊர் என்ற முறையில் அது சேப்பாக்கத்தில் நடந்திருக்க வேண்டிய இறுதிப்போட்டி. ஆடுகளம் இருந்தது, அணி இருந்தது, கூட்டத்துக்கும் குறைவில்லை. ஐ, ஜே, கே என்ற மூன்று கேலரிகள் மட்டும் பூட்டிக் கிடந்தன. அவற்றைத் திறக்கத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. கிரிக்கெட் வாரியம் போட்டியை ஹைதராபாத்துக்கு மாற்றிவிட்டது.

சேப்பாக்கத்தில் ஆடியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்து நாள் முன்பு அதே சேப்பாக்கத்தில் அதே மும்பையிடம் ஆறு விக்கெட்டில் தோற்றவர்கள்தான் நாம். கேள்வி வேறு. ஒரு அணி எங்கே ஆடும், அதன் ரசிகன் நேரில் பார்ப்பானா, டிவியில் பார்ப்பானா என்பதை உண்மையில் யார் முடிவு செய்கிறார்கள்?

2011 உலகக் கோப்பைக்காகச் சேப்பாக்கத்தைப் புதுப்பித்தபோது பிறந்தவை இந்த மூன்று கேலரிகள். பழைய கேலரிகளில் கூரையைத் தாங்கும் தூண்கள் நடுவில் நிற்கும். தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தவர் பந்து வீசுபவரைப் பார்ப்பார், அடிப்பவரைப் பார்க்க மாட்டார். லண்டன் லார்ட்ஸ் மைதானத்தின் மவுண்ட் ஸ்டாண்டை வடிவமைத்த ஹாப்கின்ஸ் நிறுவனம், சென்னையின் நடராஜ் அண்டு வெங்கட் நிறுவனத்தோடு சேர்ந்து இங்கே தூண் மறைக்காத, துணிபோல் விரிந்த வெள்ளைக் கூரைகளைப் போட்டது. கேலரிகளுக்கு இடையே இடைவெளி விட்டதால் கடல் காற்றும் உள்ளே வரத் தொடங்கியது. ஏப்ரல், மே வெயிலில் அங்கே உட்கார்ந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அந்த வளாகத்திலேயே மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் இருக்கிறது. 1846இல் தொடங்கி, 1860களில் சேப்பாக்கத்துக்கு வந்த பழைய கிளப். அதன் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் புதிய கேலரிகளுக்கும் நடுவே கட்டட விதி கேட்கும் இடைவெளி இல்லை என்பது சிக்கல். திட்ட அனுமதி இல்லை என்று மூன்று கேலரிகளுக்கும் முத்திரை வைக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சுமார் 12,000 இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. டிவியில் சேப்பாக்கம் ஆட்டம் பார்க்கும்போதெல்லாம் ஒரு பக்கம் ஆளில்லாமல் தெரிந்ததே, அந்தப் பக்கம்தான்.

அதன் விலையை 2014இல் கொடுத்தோம். அந்த ஆண்டு சிஎஸ்கேயின் சொந்த ஊர் ஆட்டங்கள் ராஞ்சிக்குப் போயின. தோனியின் ஊர் என்பதால் கூட்டம் மஞ்சளாகவே இருந்தது, ஆனால் அது நம் கூட்டம் இல்லை. 2016 டிசம்பரில் கருண் நாயர் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303 அடித்தபோதும் அந்தக் கேலரிகள் பூட்டித்தான் இருந்தன. வர்தா புயல் அடித்து ஒரு வாரமே ஆகியிருந்த நேரம் அது. ஈரமான ஆடுகளத்தைக் கரி நெருப்பு மூட்டிக் காயவைத்து டெஸ்ட் நடத்தினார்கள். புயலைச் சமாளித்துவிட்டார்கள், ஒரு உடற்பயிற்சிக் கூடத்தைச் சமாளிக்க முடியவில்லை.

2020இல் அந்தக் கூடத்தை இடித்த பிறகுதான் வழி பிறந்தது. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிரான இரண்டாவது டெஸ்டுக்குப் பாதி அளவு ரசிகர்களை அனுமதித்தபோது ஐ, ஜே, கே கேலரிகளில் மறுபடி ஆட்கள் உட்கார்ந்தார்கள். அதற்கு முந்தைய டெஸ்ட் இதே மைதானத்தில் ரசிகர்களே இல்லாமல் நடந்து, இந்தியா 227 ரன்னில் தோற்றிருந்தது. இந்த முறை 317 ரன்னில் வெற்றி. உள்ளூர்ப் பிள்ளை அஸ்வின் ஐந்து விக்கெட்டும் எடுத்து 106 ரன்னும் அடித்தார். கூட்டம் வந்ததால் ஜெயித்தோம் என்று எழுதக் கை பரபரக்கிறது. பந்து திரும்பிய ஆடுகளத்துக்கும் அதில் பங்கு உண்டு.

இத்தனை குழப்பத்துக்கும் அடிப்படை எளிது. சேப்பாக்கம் நிலம் மாநில அரசுடையது. குத்தகைக்கு வைத்திருப்பது தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம். சிஎஸ்கே ஆண்டுக்கு ஏழு லீக் ஆட்டத்துக்கு மட்டும் வந்து போகிற அணி. வாடகைக்குக் குடியிருப்பவர் சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும், வீட்டுக்காரர் மாடி கட்ட நகராட்சியைக் கேட்க வேண்டும், பக்கத்துக் குடித்தனக்காரரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற கதைதான். ரசிகன் இந்த வரிசையில் எங்குமே இல்லை.

இது நம் ஊர்ச் சாபக்கேடு என்று நினைப்பவர்கள் இத்தாலியின் மிலான் நகரத்தைப் பார்க்கலாம். ஏசி மிலான், இன்டர் மிலான் என்ற இரண்டு பெரும் கால்பந்து அணிகளும் சான் சிரோ என்ற ஒரே ஸ்டேடியத்தில்தான் ஆடுகின்றன. 1926இல் மிலான் அணியின் தலைவர் பியரோ பிரெல்லி கட்டியது. திறப்பு ஆட்டத்திலேயே இன்டர் 6-3 என்று மிலானை வீழ்த்தியது. 1935இல் அதை நகராட்சி வாங்கிக்கொண்டது. ஐரோப்பியக் கோப்பைகளை அள்ளிய இரண்டு அணிகளும் அங்கே வாடகைக்குக் குடியிருந்தவைதான். புது ஸ்டேடியம் கட்டலாமா, பழையதை இடிக்கலாமா என்று ஆண்டுக்கணக்கில் இழுபறி. இதற்கிடையில் ஒரு கெடு நெருங்கியது. 1955இல் கட்டிய இரண்டாம் அடுக்குக்கு 2025 நவம்பரில் எழுபது வயது. எழுபதைத் தொட்டுவிட்டால் மரபுச் சின்னப் பாதுகாப்பு வந்து, கடப்பாரை வைக்க முடியாமல் போகும். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நகர மன்றம் செப்டம்பர் இறுதியில் விடிய விடியக் கூடி, 24க்கு 20 என்ற வாக்கில் ஸ்டேடியத்தை இரண்டு அணிகளுக்கும் விற்க ஒப்புதல் கொடுத்தது. நவம்பர் 5ஆம் தேதி 197 மில்லியன் யூரோவுக்குப் பத்திரம் முடிந்தது. பக்கத்திலேயே 71,500 பேர் அமரும் புது ஸ்டேடியம் கட்டி, பழையதில் பெரும்பகுதியை இடிப்பது திட்டம்.

மரபு என்பது ரசிகனின் பக்கம் நிற்கும் சொல் என்றுதான் நினைத்திருந்தேன். மிலானில் அது கடைசி நாள் குறித்த நோட்டீஸாக வேலை செய்திருக்கிறது.

இத்தாலிய அணிகளுக்குச் சொந்த ஸ்டேடியத்தின் மேல் இவ்வளவு ஆசை வரக் காரணம் டூரின் நகரத்து யுவென்டஸ். 1990 உலகக் கோப்பைக்காகக் கட்டிய டெல்லே ஆல்பி என்ற ஸ்டேடியத்தில்தான் அந்த அணி ஆடிவந்தது. ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப் பந்தயத் தடம். அதனால் இருக்கைகள் எட்டத்தில். ஏறக்குறைய 70,000 பேர் கொள்ளும் இடம் எந்நேரமும் காலியாகத் தெரிந்தது. 2001-02 பருவத்தில் சாம்ப்டோரியாவுக்கு எதிரான ஒரு இத்தாலியக் கோப்பை ஆட்டத்துக்கு வந்தவர்கள் 237 பேர். எங்கள் பக்கத்துக் கிராமங்களின் கபடிப் போட்டிக்கு அதைவிட அதிகம் வருவார்கள். யுவென்டஸ் அதை இடித்துவிட்டு, 41,000 பேர் மட்டும் அமரும், தடமே இல்லாத, சொந்த ஸ்டேடியத்தை 2011 செப்டம்பரில் திறந்தது. அதற்கு முந்தைய இரண்டு பருவமும் ஏழாம் இடம். புது வீட்டின் முதல் பருவத்தில் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம், அதோடு தொடர்ந்து ஒன்பது ஆண்டு பட்டம். அந்த ஆண்டுதான் கோன்டே பயிற்சியாளராக வந்தார், பிர்லோவும் விதாலும் வந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஓட்டத் தடம் என்றதும் நமக்கு நினைவு வர வேண்டியது பெரியமேடு. சென்னை சென்ட்ரலுக்குப் பின்னால் இருக்கும் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியமாக இருந்த காலத்தில், 1956 ஜனவரியில், வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்த இடம் அது. 1993இல் தடகளத்துக்கும் கால்பந்துக்குமாகப் புதிதாகக் கட்டினார்கள். சுமார் 40,000 இருக்கைகள். நிர்வாகம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம். 2014 முதல் அங்கே குடியிருக்கும் கால்பந்து அணி சென்னையின் எஃப்சி.

இந்த இடத்தில் மிலானும் பெரியமேடும் உண்மையாகவே சந்தித்தன. சென்னையின் எஃப்சியின் முதல் பயிற்சியாளர் மார்கோ மட்டெராட்சி. 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடேனிடம் மார்பில் முட்டு வாங்கினாரே, அவரேதான். சான் சிரோவில் பத்தாண்டு இன்டருக்கு ஆடியவர். அதே சான் சிரோவில் எதிரணியான மிலானுக்கு ஆடிய அலெஸ்ஸாந்த்ரோ நெஸ்டாவை 2014 கடைசியில் அவர் சென்னைக்குக் கூட்டிவந்தார். மிலான் நகரத்தில் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் பெரியமேட்டில் ஒரே சட்டையில் ஆடினார்கள். அப்போது போய்ப் பார்க்காதவர்களுக்கு நான் ஆறுதல் சொல்வதில்லை.

அடுத்த ஆண்டு கதை இன்னும் விசேஷம். பருவத்தின் நடுவில் பட்டியலின் அடியில் கிடந்த அணி வரிசையாக ஜெயித்து அரையிறுதிக்கு வந்தது. அப்போது 2015 டிசம்பர் வெள்ளம். எங்கள் ஏரி நிரம்பி, சென்னை மூழ்கி, ஊர் முழுக்கத் தண்ணீரை வெறித்துக்கொண்டிருந்த நாட்கள். சொந்த ஊர் அரையிறுதியைப் புனேவில் வைத்தார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்று, டிசம்பர் 20ஆம் தேதி கோவாவின் ஃபதோர்டாவில் இறுதி. தொண்ணூறாவது நிமிடம் வரை 1-2 என்று பின்தங்கியிருந்தோம். கோவாவின் கோல்கீப்பர் கட்டிமணியே பந்தைத் தன் வலைக்குள் தள்ளி 2-2. இஞ்சுரி டைமில் மென்டோசா 3-2. 2018 இறுதியும் 3-2, அது பெங்களூரில். இரண்டு பட்டமும் அடுத்தவர் மைதானத்தில் வாங்கியவை. இறுதிப்போட்டி நேரு ஸ்டேடியத்துக்கு வந்ததே இல்லை. 2025 ஆகஸ்டில் அணி ஆடும் கால்பந்து லீக்கின் வணிக உரிமை சிக்கலில் மாட்டி, பருவம் தொடங்குமா என்பதே தெரியாமல், அணி தன் வேலைகளையே நிறுத்தி வைத்தது. ஸ்டேடியம் யாருடையது என்ற கேள்விக்கு மேல் லீக் யாருடையது என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

அப்படியானால் நல்ல ஸ்டேடியம் வந்துவிட்டால் வெற்றி வருமா? சேப்பாக்கமே பதில். பழைய அண்ணா பெவிலியனை இடித்துக் கட்டிய புது கேலரியைக் கலைஞர் மு. கருணாநிதி பெயரில் 2023 மார்ச் 17 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் திறந்தார். மைதானம் சுமார் 38,000 பேருக்குப் பெரிதானது. அந்த ஆண்டு சிஎஸ்கேவுக்கு ஐந்தாவது கோப்பை வந்தது, அகமதாபாத்தில். ஐந்து கோப்பையில் சேப்பாக்கத்திலேயே கையில் வாங்கியது 2011இல் ஒன்றுதான். பிறகு 2025. பூட்டிய கேலரி ஒன்றுகூட இல்லை, அத்தனையும் மஞ்சள். 2008க்குப் பிறகு முதல் முறையாக பெங்களூரு இங்கே வந்து ஜெயித்தது. கொல்கத்தாவிடம் 103 ரன்னில் முடங்கினோம். ஹைதராபாத் சேப்பாக்கத்தில் முதல் வெற்றியைப் பார்த்தது. சொந்த மண்ணில் வரிசையாக ஐந்து தோல்வி, கடைசியில் பத்தாவது இடம். சிமென்டும் கூரையும் ரன் அடிக்காது.

புது இருக்கைக்கு வேறொரு விளைவு உண்டு, அதைத்தான் மிலான் ரசிகர்களும் இப்போது பயந்து பேசுகிறார்கள். 2023இல் சேப்பாக்கத்தின் மலிவான ஐபிஎல் டிக்கெட் 1,500 ரூபாய், அடுத்த ஆண்டு 1,700. முன்பு விக்டோரியா விடுதி சாலையில் இரவெல்லாம் வரிசையில் நின்றாவது வாங்கலாம். 2024இல் விற்பனை முழுக்க ஆன்லைனுக்குப் போனது. எங்கள் ஊரில் தறியில் உட்கார்ந்திருப்பவர் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுப்பதற்குள் எல்லாம் விற்றுப்போயிருக்கும். டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் இலவசமாகப் போகலாம் என்று கொண்டுவந்தது நல்ல ஏற்பாடு, ஆனால் அது மாநகரத்தோடு முடிந்துவிடுகிறது.

நேரு ஸ்டேடியத்தில் விலை தொந்தரவு இல்லை. அங்கே தொந்தரவு தூரம்தான், தடத்துக்கு அந்தப் பக்கம் ஆடுபவரின் முதுகு எண்ணை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும். யுவென்டஸ் மாதிரி தடத்தைத் தூக்கிவிடலாமே என்று ரசிகர்களுக்குள் பேச்சு வரும். எனக்கு அதில் உடன்பாடில்லை. டெல்லே ஆல்பி ஒரு அணிக்காக இடிக்கப்பட்டது, அதன் செலவை அந்த அணியே ஏற்றது. பெரியமேட்டுத் தடம் அரசுப் பணத்தில் போட்டது, அங்கே ஓடிப் பழகும் பிள்ளைகளில் மாவட்டங்களிலிருந்து வருகிறவர்களும் உண்டு. கால்பந்துக்கென்று தனியாக 15,000 பேர் அமரும் சின்ன மைதானம் ஒன்றை அணியும் அரசும் பேசிக் கட்டினால் போதும். அது நடக்கும் வரை ஆட்ட நேரத்தையாவது பார்க்கலாம். இரவு 7.30க்குத் தொடங்கும் ஆட்டம் முடிய 9.30 ஆகும். அதற்கு மேல் சுங்குவார்சத்திரம் வந்து இறங்கி, அங்கிருந்து தென்னேரிக்கு வண்டி பிடிப்பது ஆகிற காரியமில்லை. மாலை 5 மணி ஆட்டங்கள் எங்களுக்கு ஒத்துவரும். அந்த நேரத்தைக் குறிப்பது லீக்கும் தொலைக்காட்சியும்.