முந்திரியும் கணிப்பொறியும்

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் முதுகலைக் கணினிப் படிப்பிற்குப் புதிதாக வந்திருக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு பழைய கணக்கை நினைவூட்ட விரும்புகிறேன். செட்டிநாட்டுக் கடைகளில் தொழில் பழகிய பெட்டியடிப் பையன்கள் கீழ்வாய் இலக்கத்தை மனப்பாடம் செய்த பின்னரே பேரேட்டைத் தொட்டனர். வீசம் என்பது 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரியோ 1/320.

கணிப்பொறி பின்னங்களை இரண்டிரண்டாகப் பகுத்தே அறியும். ஆதலின் வீசத்தைப் பிழையின்றி எழுதும். மாவையும் முந்திரியையும் அவ்வாறு எழுத இயலாது. அவற்றின் அடியில் 5 என்னும் எண் மறைந்திருக்கிறதன்றோ! முடிவின்றி நீளும் இலக்கங்களை ஓரிடத்தில் வெட்டிவிடுகிறது. வெட்டுண்டது மிகச் சிறிது. ஆனால் அது சேர்ந்துகொண்டே போகும்.

1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில், பேட்ரியட் ஏவுகணைத் தளத்தின் கணிப்பொறி வினாடியின் பத்தில் ஒரு பங்கை இங்ஙனம் வெட்டியே காலத்தைக் கணக்கிட்டு வந்தது. 100 மணி நேரத்தில் பிழை ஏறத்தாழ 0.34 வினாடியாயிற்று. பகைவர் ஏவுகணை தடுக்கப்படாமல் வந்து விழ, 28 வீரர்கள் மாண்டனர்.

ஆகவே, வட்டிக் கணக்கிற்கு நிரல் எழுதுவோர் ரூபாயைப் பின்னமாக வையாது, பைசாவாக முழு எண்ணில் வைப்பது நலம். ஐயமிருப்பின், இன்றே 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி 0.3-உடன் ஒப்பிடச் செய்யுங்கள். பெரும்பாலான நிரல்மொழிகளில், இரண்டும் சமமல்ல என்றே இயந்திரம் விடை கூறும்.