ஊசிக்கு முன் ஓரம்

பிரிக்பீல்ட்ஸில் உடம்பு பிடித்துவிட ஆளுக்குப் பஞ்சமில்லை. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால், பயிற்சி பெற்ற பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் கடைகள் அந்த வட்டாரத்துக்கே ஓர் அடையாளம். கிள்ளான் பக்கம் போனால் எண்ணெய் போட்டுச் சுளுக்கு வழிக்கும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். கழுத்துப் பிடிப்புக்கும் அலுப்புக்கும் இவர்களிடம் போவதில் தவறே இல்லை. ஆனால் அடிபட்ட தொடையில் இரண்டு மூன்று வாரம் கழித்தும் வற்றாமல், கையில் கல்லுப் போல் தட்டுப்படும் வீக்கத்தை யாரும் அழுத்தி நீவக் கூடாது. அது தசைக்குள் முளைக்கும் எலும்பாக இருந்தால், நீவுவது அதைத் தூண்டிவிடும் என்பது எலும்பியல் மருத்துவர்களின் எச்சரிக்கை. சார்கோமா என்ற புற்றுக்கட்டியாக இருந்தால், நீவிக் கழித்த மாதங்கள் திரும்பி வராது.

மருத்துவரின் வேலை கேள்விகளில்தான் தொடங்குகிறது. திடலில் பந்து விளையாடும்போது எதிராளியின் முட்டி தொடையின் முன்பக்கத்தில் இடித்தது, இரத்தம் கட்டியது, பிறகு இறுகிவிட்டது என்று ஒரு பையன் சொன்னால் மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ் என்ற தீங்கற்ற எலும்பாக்கம் உடனே நினைவுக்கு வரும். வர வேண்டியதுதான், ஆனால் அதிலேயே நின்றுவிடக் கூடாது. கட்டியைக் கண்ட எவரும் ‘எப்போது அடிபட்டது’ என்று யோசிப்பார். யோசித்தால் ஏதாவது ஓர் அடி நினைவுக்கு வந்தே தீரும். சார்கோமா உள்ளவர்களும் அடிபட்ட கதை சொல்வதுண்டு. மயோசைட்டிஸ் வந்த கணிசமானவர்களுக்கோ அடிபட்ட ஞாபகமே இருக்காது. வலியும் நம்பத்தக்க சாட்சி அல்ல. தீங்கற்றது முதல் சில வாரம் துடிக்க வலித்து, பிறகு அடங்கும். சார்கோமா பல சமயம் வலிக்காமலேயே வளரும். அதனால்தான் ஜனங்கள் அதைச் சட்டை செய்வதில்லை.

மோட்டார் சைக்கிள் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவரா, தலையில் பலத்த காயம் பட்டவரா, இடுப்பு மூட்டு மாற்றியவரா, பெரிய தீக்காயம் ஆறியவரா என்றும் கேட்க வேண்டும். இவர்களுக்கு மூட்டைச் சுற்றி எலும்பு படர்வது தெரிந்த சங்கதி. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு எலும்பே இல்லாமல் வெறும் சுண்ணாம்பும், கௌட் உள்ளவருக்கு யூரிக் அமில உப்பும் படிந்து கட்டி போல் நிற்கலாம்.

அடுத்தது கை. கட்டியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, மருத்துவர் தன் இன்னொரு கையால் காலை அழுத்த, நோயாளி அதை எதிர்த்துத் தூக்க வேண்டும். தசை விறைத்த நொடியில் கட்டி அசையாமல் இறுகி நின்றால், அது ஆழத்தில், தசைக்குள்ளோ தசைக்கு அடியிலோ இருக்கிறது. 5 சென்டிமீட்டருக்கு மேல் அளவு, ஆழத்தில் இருப்பது, வளர்ந்துகொண்டே போவது: இந்த மூன்றில் எது இருந்தாலும் சின்ன கிளினிக்கில் கத்தியை எடுக்காமல் பெரிய இடத்துக்கு லெட்டர் எழுதிவிட வேண்டும்.

நோயாளி குழந்தையாக இருந்தால் காலணியைக் கழற்றச் சொல்லிக் கால் கட்டைவிரலைப் பார்க்க வேண்டும். பிறவியிலேயே இரண்டு கட்டைவிரலும் குட்டையாகவோ உள்பக்கம் வளைந்தோ இருந்து, முதுகிலும் கழுத்திலும் வீக்கங்கள் வந்து போனால், அது எஃப்.ஓ.பி. என்ற மிக அரிய மரபணு நோயாக இருக்கலாம். பத்து இருபது லட்சம் பேரில் ஒருவருக்கு வருவது. ஏ.சி.வி.ஆர்.1 என்ற மரபணுவின் பிழைதான் காரணம் என்று 2006இல் கண்டுபிடித்தார்கள். இந்தக் குழந்தைகளின் தசையில் ஊசி குத்தினால் குத்திய இடத்திலேயே எலும்பு வளரும். திசுத் துண்டு எடுக்கும் பயாப்சி கேடு செய்யும், இரத்தத்தில் மரபணுப் பரிசோதனை போதும். கட்டைவிரலைக் கவனிக்காததால் புற்றுநோய் என்று தவறாகக் கணிக்கப்பட்டவர்கள் பலர்.

இனி படம். எளிய எக்ஸ்-ரேயே முதலில், முன்னிருந்தும் பக்கவாட்டிலும். அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி கட்டிப் பார்க்கப் போகிறவருக்கும் கிடைக்கிற சோதனை இது, எம்.ஆர்.ஐ. வந்த பிறகு இதை மட்டமாக நினைப்பது தப்பு. அடிபட்ட முதல் இரண்டு வாரம் படத்தில் ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு வாரத்தில் மங்கலான பஞ்சுத் திட்டுகள் தெரியும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் வெளி ஓரத்தில் தெளிவான எலும்பு வளையம் வந்துவிடும். கல்லில் ஊற்றிய தோசை மாதிரி, மயோசைட்டிஸ் ஓரத்தில் முதலில் முறுகும், நடு கடைசிவரை பச்சையாகவே கிடக்கும். எலும்பைச் சுரக்கும் சார்கோமாவில் இது தலைகீழ்: நடுவில் அடர்த்தி, ஓரம் கலைந்து தசைக்குள் ஊடுருவும்.

இன்னொன்றையும் படத்தில் தேட வேண்டும். கட்டிக்கும் தொடை எலும்புக்கும் நடுவே மெல்லிய கருங்கோடு ஓடினால் நல்லது. முழங்காலுக்குப் பின்னால், தொடை எலும்பின் கீழ்முனையில் அடி அகன்று ஒட்டிக்கொண்டிருந்தால், எலும்பின் மேற்பரப்பில் மெதுவாக வளரும் பரோஸ்டியல் ஆஸ்டியோசார்கோமா நினைவுக்கு வர வேண்டும்.

எலும்பு வளையத்தைக் காட்டுவதில் சி.டி.க்கு இணையில்லை. எம்.ஆர்.ஐ. கட்டியின் எல்லையையும் நரம்பு, இரத்தக்குழாய் எங்கே போகின்றன என்பதையும் காட்டும். ஆனால் அடிபட்ட ஆரம்ப வாரங்களில் சுற்றுத் தசையெல்லாம் நீர்கோத்து வெள்ளையாகத் தெரிவதால், தீங்கற்றதைக்கூடப் பயங்கரமாகக் காட்டிவிடும். இளைஞர், அடிபட்ட தேதி தெளிவு, வலி குறைகிறது என்றால், மூன்று நான்கு வாரம் பொறுத்து மறுபடி படமெடுப்பதும் ஒரு சோதனைதான். குடும்பத்தாருக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். “டாக்டர், உடனே எடுத்துப் பார்த்துடலாமே” என்பார்கள். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை நோய்க்குறியியல் மருத்துவர் லாரன் ஆக்கர்மன் 1958இலேயே எழுதிவிட்டார்: இளம் மயோசைட்டிஸின் நடுப்பகுதியை மட்டும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வேகமாகப் பிரியும் செல்கள் சார்கோமா போலவே இருக்கும். ஓரத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பொறுத்தும் வளையம் வரவில்லை, அல்லது கட்டி வளர்கிறது என்றால் பயாப்சிதான். அதை யார் செய்வது? பின்னால் அறுவை செய்யப்போகும் குழுவே செய்ய வேண்டும். போஸ்டனின் எலும்பியல் மருத்துவர் ஹென்றி மேன்கினும் உடனிருந்தவர்களும் 597 நோயாளிகளை ஆராய்ந்து 1996இல் சொன்னது: சிகிச்சை தரும் மையத்துக்கு வெளியே பயாப்சி செய்தபோது பிழைகளும் சிக்கல்களும் 2 முதல் 12 மடங்கு கூடுதல். கிள்ளானில் இருப்பவருக்கு இது பெரிய சுமையே இல்லை. தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் பார்த்துவிட்டு லெட்டரோடு வந்தால், ஃபெடரல் நெடுஞ்சாலையின் மறுகோடியில் மலாயா பல்கலைக்கழக மருத்துவமனை. அங்கே எலும்பு, தசைக் கட்டிகளுக்கென எலும்பியல் குழு உண்டு.

பயாப்சி ஊசி சுமார் 2 மில்லிமீட்டர் பருமன். பிற்பாடு கத்தி வைக்கப்போகும் கோட்டிலேயே, கால் நெடுகப் போகும் திசையில், ஒரே தசை அறைக்குள் குத்த வேண்டும். மூட்டுக்குள் நுழையக் கூடாது. அந்தத் துளையிலும் புற்றுச் செல்கள் ஒட்டியிருக்கலாம் என்பதால், அறுவையின்போது அதையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள். குறுக்காகக் கீறி வைத்தவர், காலைக் காப்பாற்றும் வாய்ப்பையே குறைத்துவிடுகிறார். ஓரத்திலிருந்தும் நடுவிலிருந்தும் பல துண்டுகள் வேண்டும்.

துண்டுகள் ஃபார்மலினில் ஆய்வகம் போகின்றன. எலும்பு கலந்ததைச் சீவ முடியாது. சுண்ணாம்பைக் கரைத்தாக வேண்டும். அமிலத்தில் போட்டால் சீக்கிரம் கரையும், ஆனால் டி.என்.ஏ. சிதைந்துவிடும், இ.டி.டி.ஏ.வில் போட்டால் நாளாகும், மரபணுச் சோதனைக்கு வழி இருக்கும். மயோசைட்டிஸில் பெரும்பாலும் யு.எஸ்.பி.6 மரபணு இடம் மாறியிருக்கும். சைனோவியல் சார்கோமாவில் எஸ்.எஸ்.18 உடைந்திருக்கும், அந்தப் புற்றிலும் சுண்ணாம்புத் திட்டுகள் தெரிவதால் இந்த வித்தியாசம் முக்கியம். “ஏன் இன்னும் ரிப்போர்ட் வரலை” என்று கோபப்படுகிறவர்களுக்கு, அந்தக் கரைசலில் ஊறும் நாட்களைச் சொல்லிவிட்டாலே பாதிக் கோபம் தணியும்.

சார்கோமா என்று வந்தால் நுரையீரலுக்கு சி.டி. எடுக்க வேண்டும், முதலில் பரவும் இடம் அதுதான். பிறகு படம் பார்ப்பவர், திசு பார்ப்பவர், அறுவை மருத்துவர், புற்றுநோய் மருத்துவர் நால்வரும் ஒரே மேசையில் உட்கார்கிறார்கள். படம் ‘ஓரம் முறுகியிருக்கிறது’ என்று சொல்லி, ரிப்போர்ட் மட்டும் சார்கோமா என்றால், அன்று யாரும் அறுவைக்குத் தேதி குறிப்பதில்லை. ஊசி எந்த இடத்தில் இறங்கியது என்று பார்த்து, திசு வைத்த அதே கண்ணாடித் தகடுகளை மறுபடி பார்த்து, தேவையானால் அதே துளை வழியே இன்னொரு துண்டு எடுக்கிறார்கள்.