கடற்பசுப் பாதுகாப்பில் புதுக்கோட்டை மீனவர்கள்

கடற்பசு என்பது கடலில் வாழும் தாவர உண்ணிப் பாலூட்டியாகும். மீனவர்கள் இதனை ஆவுளியா என்பர். ஆழம் குறைந்த பாக் விரிகுடாவில் வளரும் கடற்புல்லே இதன் முக்கிய உணவு. வளர்ந்த கடற்பசு ஒரு நாளில் சுமார் 40 கிலோ வரை புல் மேயும். முன்பு இது இறைச்சிக்காகப் பிடிக்கப்பட்டது. இன்று இதைக் காப்பவர்களில் முதன்மையானவர்கள், அதே கரையோர மீனவர்களே.

வேட்டையாடுவோரும் மீன்பிடிப்போரும் உயிரினப் பாதுகாப்புக்கு உதவும் முறைக்கு அமெரிக்காவை எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். அங்கு 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீதான வரியும், 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி தூண்டில் கருவிகள் மீதான வரியும் இப்பணிக்குச் செல்கின்றன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடற்பசு இடம்பெற்றுள்ளது. அதைப் பிடிப்பது குற்றம். எனவே இங்கு மீனவரின் பங்களிப்பு வரியன்று. தம் வலையைத் தாமே அறுப்பதுதான்.

கடற்பசுவுக்குச் செவுள் இல்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது மேலே வந்து மூச்சுவிட வேண்டும். வலையில் சிக்கி நீருக்குள் தங்கிவிட்டால் மூச்சுத் திணறி இறந்துவிடும். வனத்துறைக்குத் தகவல் சொல்லி, அவர்கள் படகில் வந்து சேரும்வரை அது பிழைத்திருக்காது. படகில் இருப்பவர்தான் உடனே வலையை அறுக்க வேண்டும். வலையும் அன்றைய மீனும் போகும். சிறு படகு வைத்திருப்பவருக்கு இது சிறிய இழப்பன்று. சிக்கியதைச் சொன்னால் வழக்கு வருமோ என்ற அச்சமும் முன்பு இருந்தது. அச்சம் இருக்கும் இடத்தில் உண்மை கரைக்கு வராது.

இந்நிலையை மாற்ற, உயிருடன் விடுவிக்கும் மீனவர்களுக்கு ஊக்கத்தொகையும் பாராட்டும் வழங்கப்படுகின்றன. இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் மீட்புத் திட்டத்தில் மீனவர்கள் தன்னார்வலர்களாகச் சேர்ந்துள்ளனர். அவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் உண்டு. கடற்பசு ஓராண்டுக்கும் மேல் சூல் சுமந்து ஒரே கன்றை ஈனும். அடுத்த கன்றுக்கு 3 முதல் 7 ஆண்டுகள் ஆகலாம். ஒரு தாய் தப்பினால் அதன் பயன் எவ்வளவு என்பதை இதிலிருந்து கணக்கிடலாம்.

2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர் மாவட்டம் அதிராம்பட்டினம் முதல் புதுக்கோட்டை மாவட்டம் அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இதனால் அங்கு மீன்பிடிப்பு நின்றுவிடவில்லை. இறால், நண்டு, மீன் ஆகியவற்றின் குஞ்சுகள் வளர்வதும் கடற்புல்வெளியில்தான் என்பதால், அது அழிந்தால் மீனவர்களுக்கும் நட்டமே. கரையை ஒட்டி இழுக்கப்படும் இழுவலைகள் இப்புல்லைச் சிதைப்பது இன்னும் தீராத சிக்கல்.

கடற்பசுவைக் கரைக்குக் கொண்டுவராமல், சிக்கிய இடத்திலேயே வலையை அறுத்து விடுவதே சரியான முறை. விடுவிக்கும் காட்சியை மீனவர்கள் கைப்பேசியில் படம் பிடித்து வனத்துறைக்கு அனுப்புகின்றனர்.