இருவர் ஏறிய நீர்வீழ்ச்சி

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக வளைந்து வளைந்து ஏறும் பாதையில் மடுல்கெல்லவை அடைந்து, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மூடுபனி தேயிலைச் சரிவுகளில் இறங்கத் தொடங்கும் மாலை வேளையில், தோட்டத்து லயம் ஒன்றின் அருகே நின்றவர்களுக்கு, ஒரு காலத்தில், ஏதோவொரு காம்பராவிலிருந்து பிள்ளைகளின் பெருங்கூச்சல் கேட்டிருக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று வெள்ளையர் காலத்தில் அளந்து கட்டிய அந்த அறைக்குள், சிறிய தொலைக்காட்சிப் பெட்டியொன்றின் முன்னால், எட்டுப் பத்துப் பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். கொன்ட்ரோலர்கள் இரண்டே இரண்டு. ஆயினும் ஆட்டத்தில் பங்குகொள்ளாதவர் அங்கு ஒருவருமில்லை. அதை நாங்கள் 'டிவி கேம்' என்றோம்.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 இல் வெளியிட்ட ஃபமிகொம் என்னும் யந்திரத்தைப் பிரதிசெய்து, ஆசிய நாடுகளெங்கும் மலிவு விலையில் விற்கப்பட்ட பெட்டிகளில் ஒன்றே அது. கேசட்டைச் செருகியும் படம் தெளியாவிட்டால், அதைக் கழற்றி, அடிப்புறத்தில் வாய்வைத்து ஊதி, பயபக்தியோடு மறுபடி செருகுவோம். படம் வந்தவுடன் கூடியிருந்த அத்தனை முகங்களும் மலர்வதைக் கண்டவர் மறக்கமாட்டார்.

அந்தக் கேசட்டுகளில் எங்கள் அபிமானத்துக்கு உரியது 'கொன்ட்ரா'. கொனாமி நிறுவனம் படைத்த அவ்வாட்டத்தில் இரண்டு வீரர்கள் ஒரே திரையில் சேர்ந்து முன்னேற வேண்டும். மூன்றாவது கட்டம் ஒரு நீர்வீழ்ச்சி. பாறைக்குப் பாறை தாவி மேலே ஏறுகையில், திரை முன்னால் செல்பவனைத் தொடர்ந்து உயரும். பின்தங்கியவன் திரையின் அடிவிளிம்புக்குக் கீழே போய்விட்டானாயின் உயிரிழப்பான். ஆகவே வேகமாக ஏறத் தெரிந்தவனே, தன் சிநேகிதன் வந்து சேரும்வரை ஒரு பாறையில் காத்து நிற்கக் கடமைப்பட்டவன். "ஏறாதடா மச்சான், நில்லு, நான் கீழ இருக்கேன்!" என்ற அலறல் இன்றும் என் செவியில் இருக்கிறது. அதனினும் அற்புதமான ஏற்பாடு ஒன்றும் உண்டு: ஒருவனுடைய உயிர்களெல்லாம் தீர்ந்துபோனால், மற்றவனிடம் எஞ்சியிருப்பதிலிருந்து ஒன்றைக் கடனாக எடுத்துக்கொள்ளலாம். கேட்காமல் எடுத்தவனோடு இரண்டு நாள் பேசாமல் இருந்ததுண்டு. கேட்டவனுக்கு இல்லை என்று சொன்ன ஞாபகம் எனக்கில்லை.

இத்தகைய ஆட்டங்களின் உற்பத்தியை ஆராய்ந்தால், அவை ஆதியிலேயே இருவருக்கெனப் பிறந்தவை என்பது புலப்படும். 1958 அக்டோபரில், அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தைப் பார்வையிட வருவோருக்குச் சலிப்புத் தட்டலாகாது என்று கருதி, வில்லியம் ஹிகின்போதம் என்ற பௌதிக விஞ்ஞானி அலைகாட்டித் திரையொன்றில் டென்னிஸ் ஆட்டத்தை அமைத்தபோது, அதை ஆட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். 1972 இல் அட்டாரி நிறுவனம் கொண்டுவந்த 'பொங்' ஆட்டத்திலும் தனியொருவர் ஆட வழியில்லை.

பின்னர் இணையம் வந்தது. ஒரே அறையில் கூடவேண்டிய அவசியம் குறைந்தது. ஒரே திரையை இரண்டாகப் பிரித்து இருவருக்குக் காட்டுவதென்றால், யந்திரம் ஒவ்வொரு கணமும் காட்சியை இரண்டு தடவை வரைய வேண்டும். படங்களின் நுணுக்கம் பெருகப் பெருக அது பெரும் சுமையாயிற்று. சோபாவில் நால்வர் சேர்ந்து ஆடுவதற்கே பேர்பெற்ற 'ஹேலோ' வரிசை, 2015 இல் வெளிவந்த தன் ஐந்தாம் பாகத்தில் அந்த வசதியைக் கைவிட்டது.

இணையவழி ஆட்டத்தை நான் நிந்திக்கவில்லை. கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போன சகோதரர்களோடு ஒரு மணி நேரம் ஆடக் கிடைப்பது பெரிய பாக்கியம். ஆனால் தூரம் தூரந்தான். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,700 கிலோமீற்றர். ஒளியிழையில் விநாடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் சமிக்ஞையும் அங்கே போய்த் திரும்ப 27 மில்லிவிநாடியேனும் எடுக்கும். விநாடிக்கு அறுபது படங்கள் ஓடும் திரையில் அதற்குள் ஒரு படம் கடந்து அடுத்ததும் பாதி கடந்துவிடும். மழைநாளில் மலைமடிப்புகளுக்குள் சிக்னல் தேடுபவனுக்கு நேரும் தாமதமோ இதனினும் பன்மடங்கு. பக்கத்தில் அமர்ந்திருப்பவனுக்கு இந்த இடையூறு ஏதுமில்லை. அவன் மூச்சு வாங்குவதைக்கொண்டே அவன் அடுத்த பாய்ச்சலை ஊகித்துவிடலாம்.

சேர்ந்திருந்து ஆடும் வழக்கம் அற்றுப்போய்விடவுமில்லை. இருவர் சேர்ந்தாலன்றி ஆடவே முடியாத 'இட் டேக்ஸ் டூ' என்னும் ஆட்டம், 2021 ஆம் ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்கான 'த கேம் அவார்ட்ஸ்' விருதைப் பெற்றது. டேட்டாவுக்குக் காசில்லாத பிள்ளைகள், ஒருவனுடைய கைப்பேசியின் ஹொட்ஸ்பொட்டில் மற்றவர்கள் இணைந்து 'மினி மிலிஷியா' ஆடலாம். 'லூடோ கிங்' என்றால் ஒரே கைப்பேசி போதும், கைமாற்றிக் கைமாற்றித் தாயம் உருட்டலாம்.

ஆகையால் தீபாவளிக்கு மடுல்கெல்லவுக்கும் ஏனைய தோட்டங்களுக்கும் பஸ் ஏறும் என் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளுக்கு உடுப்பும் இனிப்பும் எடுத்து வைக்கும் பையில் இரண்டாவது கொன்ட்ரோலர் ஒன்றையும் வைத்துக் கொண்டுவாருங்கள்.