சுடாத சூடு! குளிராத குளிர்!

ராஜபாளையத்தில் ஒரு வீட்டில் மிளகாய் வத்தல் வறுத்தால் நாலு வீடு தள்ளித் தும்மல் கேட்கும். அரைத்த கையால் கண்ணைத் தொட்டுவிட்டாலோ, "ஐயோ, எரியுதே!" என்று துடித்துப்போகிறோம். அங்கே நெருப்பு ஏது, வாசகர்களே?

நம் நரம்பு நுனியில், சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டும் சூட்டை மூளைக்குச் சொல்லும் வாசல் ஒன்று உண்டு. மிளகாயிலுள்ள கேப்சைசின் அதே வாசலைத் திறந்துவிடுகிறது. மூளை 'சுடுகிறது' என்று நம்பிவிடுகிறது! 1997-ல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் இதைக் கண்டறிந்தார்கள். 2021-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார் அவர். புதினா உப்பும் நீலகிரித் தைலமும் இதேபோல் குளிர்ச்சி வாசலைத் தட்டுகின்றன.

கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டால் இல்லாத உலகம் விரியுமே, அந்த 'விர்ச்சுவல் ரியாலிட்டி'யில் சிகாகோ பல்கலைக்கழகத்தார் 2020-ல் இதைப் புகுத்தினார்கள். பனிக் காட்சி வரும்போது நீலகிரித் தைலச் சத்து மூக்கில் பட்டது, குளிர்ந்தது. வெப்பக் காட்சிக்கு மிளகாய்ச் சத்து. 2021-ல் தோலிலும் செய்தார்கள். லவங்கப்பட்டைச் சத்து சுருக்கென்று குத்தியது. எல்லாம் அளந்த அளவுதான்.

"வீட்டிலேயே செஞ்சு பார்க்கலாமா?" என்று பிள்ளைகள் கேட்டால், வேண்டவே வேண்டாம்! அளவு மீறினால் கண்ணும் தோலும் புண்ணாகும். கைக்குழந்தையின் மூக்கருகே நீலகிரித் தைலம் தடவக் கூடாது. விழுங்கினால் வலிப்புகூட வரலாம்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. எரிச்சல் இருந்தால் புண் இருக்க வேண்டியதில்லை. எரிச்சல் இல்லாததால் புண்ணும் இல்லை என்று நம்பவும் கூடாது. "பாதம் தீயா எரியுது, வைத்தியரய்யா" என்று சர்க்கரை நோயாளிகள் வருவார்கள். தொட்டால் சூடு இருக்காது. நரம்பு பொய் சொல்கிறது. நாளடைவில் அதே நரம்பு ஊமையாகிவிடலாம். பிறகு வெந்நீரில் பாதம் வெந்து கொப்பளித்தாலும் தெரியாது. ஆபத்து அங்கேதான்!

ஆகவே தினமும் இரவில் பாதத்தைக் கண்ணால் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கீழே கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். வெந்நீரில் கால் வைக்குமுன், சர்க்கரை நோய் இல்லாத ஒருவர் முழங்கையை நனைத்துப் பார்க்கட்டும். எரிச்சலோ மரமரப்போ இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கடைசியாக ஒன்று. நாக்கில் மிளகாய் எரிச்சலுக்குத் தண்ணீரைவிடப் பாலும் தயிரும் நல்லது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பால்தானே என்கிறீர்களா? சர்க்கரை உள்ளவர்கள் தயிரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்!