கன்றோடு ரசீதும் கேளுங்கள்

ஜிஎஸ்டி சாலையோரம் ஒரு குட்டியானை வண்டி நிறையக் கன்றுகளை அடுக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். "பங்கனப்பள்ளி ஒட்டுங்க, மூணே வருஷத்துல காய்க்கும்" என்றார் விற்றவர். மறைமலை நகரில் வீடு கட்டிக் குடியேறிய புதிது. வாசலில் ஒரு மாமரம் வேண்டும் என்று என் மனைவிக்கு ஆசை. வாங்கி வந்து நட்டோம். அடுத்த கோடையில் மேல்பக்கம் காய்ந்தது. அடியிலிருந்து ஒரு புதுக்கிளை துளிர்த்து மேலே போனது. உயிர் பிடித்துவிட்டது என்று மகிழ்ந்து அதற்கே தண்ணீர் ஊற்றினோம். கன்று நட்டபோது ஆறாம் வகுப்பில் இருந்த மகள், அது காய்த்தபோது பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். காய் சிறிது, நாரும் புளிப்பும் அதிகம். ஒட்டுப் போட்ட பகுதி என்றோ செத்துவிட்டது. நாங்கள் ஐந்து வருடம் வளர்த்தது அடியில் இருந்த கொட்டைச் செடியை.

விற்றவர் யார் என்று தெரியாது. ரசீது இல்லை. கன்றுக்குக் கொடுத்த பணம் சின்னத் தொகைதான், அது போகட்டும். அந்த ஐந்து வருடத்தை யாரிடம் கேட்பது? மலிவாகக் கிடைக்கும் கன்றைப் பற்றி எழுதும்போது எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். கன்றின் விலை குறைவு என்பதால் நாம் எதையும் கேட்காமல் வாங்குகிறோம். உண்மையான விலையைத் தண்ணீராகவும் உழைப்பாகவும் காலமாகவும் பிறகு கட்டுகிறோம்.

நம் பகுதியில் மலிவான கன்றுக்குப் பஞ்சமில்லை. காடு, மரங்களின் பரப்பை மாநிலத்தில் ஏறக்குறைய 24 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்துவதற்கான பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தை 2022 செப்டம்பர் 24 அன்று முதல்வர் தொடங்கி வைத்தது, நமக்குப் பக்கத்தில் உள்ள வண்டலூரில்தான். அந்த இயக்கத்தின் இணையதளத்தில் பொதுமக்கள் கன்றுகளுக்குப் பதிவு செய்யலாம். வனத்துறை நாற்றங்கால்களில் பெரும்பாலும் புங்கை, வேம்பு, நாவல் போன்ற நிழல் மரங்களும் தடி மரங்களும் கிடைக்கும். பழக்கன்று வேண்டுமானால் தோட்டக்கலைத் துறையிடம் போக வேண்டும். சிங்கப்பெருமாள் கோவில், பரனூர் தாண்டி செங்கல்பட்டில் இறங்கினால், அதை அடுத்த ஆத்தூரில் அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. அந்தத் துறையே 'ஈ-தோட்டம்' என்ற பெயரில் இணைய விற்பனையும் நடத்துகிறது. எந்தக் கன்று எங்கே இருப்பில் உள்ளது என்று தெரியாவிட்டால், காட்டாங்குளத்தூர் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்பினால் அலைச்சல் மிச்சம்.

வேளாண்மைத் துறையின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தைப் பலர் வீட்டுத் தோட்டத் திட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வரப்போரம் நட இத்தனை கன்று, வயல் முழுக்க நட இத்தனை கன்று, உயிரோடு நிற்கும் கன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை என்று போகும் அந்தத் திட்டம் விவசாய நிலத்துக்கானது. இரண்டு கிரவுண்டு மனைக்காரருக்கு அதில் இடமில்லை. அந்தப் பணத்தை வாங்கித் தருகிறேன் என்று யாராவது வீட்டு வாசலில் நின்று ஆதார் நகலும் வங்கிப் புத்தகமும் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இனி, வாங்கும் இடத்தில் நின்று பார்க்க வேண்டியவை. ஒட்டுக்கன்றில் ஒட்டுப் போட்ட இடம் கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்கு ஒரு சாண் மேலே சின்ன முடிச்சு போலவோ சாய்ந்த தழும்பு போலவோ இருக்கும். விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால் சேரவில்லை என்று பொருள். தழும்பே இல்லாவிட்டால் அது ஒட்டே இல்லை. தழும்புக்குக் கீழே துளிர் வந்தால் அதை வீட்டில் உடனுக்குடன் கிள்ளி எறிய வேண்டும். இந்த ஒரு வரியை எனக்கு அன்று யாராவது சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையின் முதல் பத்தியே இருந்திருக்காது.

அடுத்தது வேர். உயரமான, பச்சைப் பசேலென்ற கன்றைத்தான் கை தேடும். ஆனால் சின்னப் பையில் நெடுநாள் நின்ற கன்றின் வேர் உள்ளேயே சுருண்டுவிடும். பையின் அடியைப் பாருங்கள். தடித்த வேர் ஓட்டை வழியே வெளியே வந்து தரையைப் பிடித்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். சுருண்ட வேர் மண்ணில் போன பிறகும் சுருண்டே வளரும். பத்து வருடம் கழித்து ஒரு புயலில் மரம் அடியோடு சாயும்போதுதான் காரணம் தெரியும். இடுப்பளவில், தண்டு தடித்து, நேராக நிற்கும் கன்று ஆளுயரக் கன்றைவிட நல்லது.

பிறகு பெயர். வேதாசலம் என்ற தம் பெயரையே தமிழில் மறைமலை என்று மாற்றிக்கொண்டவரின் பெயரைத் தாங்கிய ஊர் நம்முடையது. கன்று வாங்கும்போதாவது முழுப் பெயரைக் கேட்டு வாங்குவோம். 'முருங்கை' என்றால் போதாது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட பி.கே.எம்-1 விதையிலிருந்து வரும் செடிமுருங்கை, ஒரே வருடத்துக்குள் காய்க்கும். போத்து வெட்டி நடும் மரமுருங்கை வேறு. 'பப்பாளி' என்றாலும் போதாது. கோ-2 போன்ற ரகங்களில் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. ஒற்றைக் கன்று வாங்கி நட்டு, அது ஆணாகப் போனால் பூவோடு சரி. இருபால் பூக்கள் வரும் கோ-7 வாங்கினால் அந்தக் கவலை இல்லை. தென்னையில் நெட்டையா, குட்டையா, இரண்டும் கலந்த ஒட்டு ரகமா என்று கேளுங்கள். ஒன்பது மாதம் முதல் ஒரு வயதுக்குள், ஆறு ஓலைக்குக் குறையாமல், கழுத்துப் பகுதி தடித்த பிள்ளையை எடுங்கள். ஓலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவும் மறக்க வேண்டாம். 2016-ல் பொள்ளாச்சியில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட சுருள் வெள்ளை ஈ, கன்றுகளோடு பயணம் செய்து பல மாவட்டங்களுக்குப் போனது. அடியில் வெள்ளையாய் மெழுகுச் சுருள் தெரிந்தால் அந்தப் பிள்ளை உங்கள் தெருவுக்கே வரக்கூடாது.

சட்டம் இங்கே நமக்குத் துணையாக இருக்கிறது. நாம்தான் அதைக் கூப்பிடுவதில்லை. விதைக் கட்டுப்பாட்டு ஆணை 1983-ன்படி பழக்கன்று, காய்கறி நாற்று விற்கும் நர்சரிகள் விதை விற்பனை உரிமம் வைத்திருக்க வேண்டும். விற்பனைக்குப் பட்டியல் தர வேண்டும். ரகத்தின் பெயர், எண்ணிக்கை, விலை, தேதி எல்லாம் அதில் வர வேண்டும். உரிமம் இல்லாமலோ பட்டியல் தராமலோ விற்றால் மாவட்ட விதை ஆய்வுத் துணை இயக்குநரிடம் புகார் செய்யலாம். "ஒரு கன்றுக்குப் போய் பில்லா?" என்று விற்பவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

பணம் கொடுத்து வாங்கினால், பத்து ரூபாயானாலும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நீங்கள் நுகர்வோர். அரசுப் பண்ணையில் காசு கட்டி வாங்கியதும் இதில் அடங்கும். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்றும், சோதனைக்காக விதையில் ஒரு பங்கை எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவரிடம் எதிர்பார்க்க முடியாது என்றும் தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல புகார்கள் அங்கேயே பேசித் தீர்கின்றன. தீராவிட்டால் செங்கல்பட்டில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, நீங்களே வாதாடலாம். இணையம் வழியாகவும் மனு கொடுக்கலாம்.

இதில் ஒரு சிக்கல், மரத்துக்கே உரியது. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். மாங்கன்றின் பொய்யோ நான்காம், ஐந்தாம் வருடம்தான் வெளியே வரும். முதல் காய் பறித்து ரகம் தவறு என்று தெரிந்த நாள்தான் வழக்குக் காரணம் எழுந்த நாள் என்று வாதிடலாம். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. ஆனால் அந்த வாதம் நிற்க வேண்டுமானால் கையில் தாள் இருக்க வேண்டும். ரசீதை அன்றே போட்டோ எடுங்கள், அச்சு மை இரண்டு வருடத்தில் மங்கிவிடும். கன்றையும், அதில் தொங்கும் அட்டையையும், ஒட்டுத் தழும்பையும் நடும் நாளில் எடுத்து வையுங்கள். கைப்பேசியில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும் சாட்சிதான்.

இலவசக் கன்று வேறு கணக்கு. காசு கொடுக்காததால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. அதற்காக வாய் மூடியிருக்க வேண்டியதில்லை, அது நம் வரிப்பணம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு எழுதி, நம் வார்டில் கடந்த ஆண்டு எத்தனை கன்று கொடுத்தீர்கள், எந்தெந்த மரம், இப்போது எத்தனை உயிரோடு நிற்கிறது என்று கேட்டால் 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மூன்றாவது கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். கொடுத்த கணக்கு எல்லா விழாவிலும் வாசிக்கப்படுகிறது. நிற்கும் கணக்கு யாராவது கேட்டால்தான் எடுக்கப்படும். பட்டுப்போன கன்றுகளைக் கொடுத்தார்கள் என்றால் 1100 என்ற முதல்வர் உதவி எண்ணும், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் நாளும் இருக்கின்றன.

சரியான கன்றாக இருந்தும் தவறான இடத்தில் நட்டால் அதுவும் ஆபத்துதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்தபோது இந்தப் பக்கம் இருந்தவர்கள் அந்த மதியத்தை மறக்க மாட்டார்கள். வண்டலூர்ப் பூங்காவே மொட்டையாகிப் போனது. சென்னைத் தெருக்களில் தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் வேரோடு சாய்ந்து கிடந்தன. சீக்கிரம் வளரும் என்பதற்காக மட்டும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வேகமாய் வளர்ந்து வேலி போல் நிற்கும் கோனோகார்பஸை குஜராத் 2023-ல் தடை செய்தது. அதன் மகரந்தம் மூச்சுக்கு ஆகாது, வேர் சாக்கடைக் குழாயையும் தண்ணீர்க் குழாயையும் தேடிப் போகும் என்பதே காரணம். தமிழ்நாடு அரசும் 2025-ல் அதற்குத் தடை விதித்தது. இன்னும் யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஆலையும் அரசையும் வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மின்கம்பிக்கு நேர் கீழே என்றால் பவழமல்லி, எலுமிச்சை, கொய்யா என்று குட்டையானவையே சரி. பெரிய மரத்தின் கிளை கம்பியைத் தொட்டுவிட்டால் நீங்களே அரிவாளைத் தூக்க வேண்டாம். மின்னகம் எண் 94987 94987-ல் சொன்னால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வெட்டுவார்கள்.

காம்பவுண்டுக்கு உள்ளே நட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கேட்டுக்கு வெளியே நகராட்சி இடம். அங்கே நடும் முன் நகராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், கால்வாய் வருமா, குழாய் போகிறதா என்று. நட்ட பிறகு அது பொதுச் சொத்து. வண்டி நிறுத்த இடைஞ்சல் என்று நட்டவரே வந்தாலும் வெட்ட முடியாது. ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரியோடு ராத்திரியாகத் தெரு மரத்தை அறுத்தால் அந்தக் குழுவுக்குப் புகார் எழுதலாம்.

மரத்தின் பெயரால் பணம் பறிப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் சென்னையில் அனுபவ் பிளாண்டேஷன்ஸ் தேக்குத் திட்டத்தில் சேமிப்பைக் கொட்டியவர்கள் 1998-ல் அது சரிந்தபோது நடுத்தெருவில் நின்றார்கள். அதற்குப் பிறகு 1999-ல் இத்தகைய கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்குச் செபி விதிகள் கொண்டுவந்தது. இன்று சந்தனம், செம்மரம், அகர் என்று பெயர் மாறியிருக்கிறது. 'ஒரு கன்று வைத்தால் பதினைந்து வருடத்தில் லட்சங்கள்' என்பவரிடம் இரண்டு கேள்வி போதும்: செபி பதிவு எண் என்ன, வெட்டும்போது வனத்துறை அனுமதி யார் வாங்குவது? சந்தன மரத்தைச் சொந்த நிலத்தில் வளர்க்கலாம், ஆனால் வனத்துறையைக் கேட்காமல் வெட்டவோ விற்கவோ முடியாது. பணம் போய்விட்டால் பொருளாதாரக் குற்றப்பிரிவு காவல்துறை. இலவசக் கன்று, டெலிவரி கட்டணம் மட்டும் 49 ரூபாய் என்று கைப்பேசிக்கு வரும் லிங்கைத் தொட்டுப் பணம் போனால் 1930. அதை அன்றே, அந்த மணி நேரத்திலேயே அழைக்க வேண்டும்.

ஆடிக் காற்று அடங்கட்டும். மறைமலை நகர் மண் பல இடங்களில் சரளை. மழைக்கு முன்பே, செப்டம்பரிலேயே இரண்டடிக்கு இரண்டடிக் குழி வெட்டி, மாமரத்துக்கானால் மூன்றடி, வெயிலில் ஆறப் போடுங்கள். அக்டோபரில் முதல் நல்ல மழை பெய்ததும் செம்மண்ணும் தொழு உரமும் ஒரு கை வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பி, பாலித்தீன் பையை முழுக்கக் கிழித்து எடுத்துவிட்டு, ஒட்டுத் தழும்பு மண்ணுக்கு மேலே நிற்கும்படி நடுங்கள். நாங்கள் போன வருடம் பழைய மரத்துக்குப் பத்தடி தள்ளி ஒரு செந்தூரா ஒட்டு வைத்தோம். ரகம், வாங்கிய பண்ணை, தேதி எல்லாம் எழுதிய தகரத் துண்டு அதன் குச்சியில் கட்டியிருக்கிறது. ரசீது, வீட்டு வரி ரசீது இருக்கும் அதே கோப்பில் இருக்கிறது.