தீயில்லாத சரவெடி

கயிற்றில் தொங்கும் ஒரு குப்பைப் பை சுழல்கிறது. முறுக்கு அவிழ அவிழ மெல்லக் கீழே இறங்கி, நின்றுகொண்டிருக்கும் ஒரு டயரை உரசுகிறது. டயர் உருளத் தொடங்குகிறது. அதற்குப் பிறகு சுமார் அரை மணி நேரம் ஓட்டம் நிற்பதே இல்லை. ஏணி சாய்கிறது, நுரை பொங்கி வழிகிறது, திரி சீறுகிறது, ஒன்றின் தீ இன்னொன்றைப் பற்றவைக்கிறது. மனிதர் ஒருவரும் கண்ணில் படுவதில்லை.

சுவிட்சர்லாந்துக் கலைஞர்கள் பீட்டர் ஃபிஷ்லியும் டேவிட் வைஸும் 1987-இல் எடுத்த சோதனைப் படம் இது. ஜெர்மன் பெயர் ‘டெர் லாவ்ஃப் டெர் டிங்கே’. ஒரே மூச்சில் எடுத்ததுபோல் தெரிந்தாலும், புகையும் நுரையும் திரையை நிறைக்கும் இடங்களில் வெட்டி ஒட்டிய இணைப்புகள் ஒளிந்திருக்கின்றன.

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் இந்தப் படத்தைத் திரையிட்டால், திரி என்றால் என்ன, மருந்து எப்படிப் பற்றும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வெடியின் சிறுதிரியையும் தாய்த்திரியோடு சேர்த்துச் சரம் பின்னிய கைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தீ தாவுவதைக் கண்டு வியக்க மட்டுமே முடிகிற ஊர் அல்ல இது என்பதையும் சொல்லியாக வேண்டும். பட்டாசு ஆலைகளில் மருந்து அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டச் சொல்வதே, ஓர் அறையின் தீ அடுத்த அறைக்குப் போகாமல் சங்கிலி அறுந்துபோக வேண்டும் என்பதற்காகத்தான். அந்த விதி மீறப்பட்ட இடங்களில் எத்தனையோ வீடுகள் ஆளை இழந்திருக்கின்றன. சரவெடியைத் தயாரிக்கவும் விற்கவும் 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

அதனால் இந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஃபிஷ்லி–வைஸ் படத்தைத் தங்கள் கையால் மறுபடி செய்து பார்ப்பதென்றால், தீயே இல்லாமல், பொம்மைகளை வைத்து, ஸ்டாப் மோஷனில் செய்வதுதான் சரி என்று நினைக்கிறேன். பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம். நொடிக்கு 12 படங்கள் வீதம் ஓட்டினால் பொம்மை தானே நகர்வதாகத் தெரியும். ஒரு கைபேசி போதும்.

தீக்குச்சிக்கும் இந்தக் கலைக்கும் பழைய உறவு உண்டு. பிரான்சில் எமில் கோல் 1908-இல் தீக்குச்சிகளை நடிக்கவைத்து ஒரு குறும்படம் எடுத்தார். தாதாசாகேப் பால்கே 1915-இல் ‘ஆக்காட்யாஞ்சி மௌஜ்’ எடுத்தார். அதிலும் தீக்குச்சிகள்தான் நடிகர்கள். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1922-இல். பால்கேயின் படச்சுருள் இன்று நமக்கு இல்லை. குச்சி மட்டும் இங்கே மலைபோல் குவிந்து கிடக்கிறது.

மருந்து முக்காத வெறுங்குச்சி ஒன்றை எடுத்து, களிமண் உருண்டையில் செங்குத்தாக நடுங்கள். ஃபிஷ்லி–வைஸ் படத்தில் வரும் ஏணிக்குப் பதில் இதுதான். அது சாய்வதற்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம், எடுக்க வேண்டும்? நிஜத்தில் 4 செ.மீ. குச்சி சாய்ந்து விழக் கால் நொடிகூட ஆகாது. 12 ஃபிரேம் கணக்கில் மூன்றே படம். அப்படி எடுத்தால் திரையில் தெரிவது குச்சிதான், ஏணியல்ல. விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இரண்டரை மீட்டர் ஏணி நம் குச்சியைப்போல் சுமார் 60 மடங்கு உயரம் என்றால், விழ எட்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும், அதாவது ஒன்றே முக்கால் நொடி. ஆகவே சுமார் இருபது படங்கள் வேண்டும். முதல் பத்துப் படங்களில் குச்சி அசைந்ததே தெரியாத அளவு சாயட்டும், கடைசி நாலைந்தில் சடசடவென்று இறங்கட்டும். கண் அதை ஏணியின் கனத்தோடு பார்க்கும். பொம்மைக் கப்பல்களை வேகமாகப் படமெடுத்து மெதுவாக ஓட்டும் சினிமாக்காரர்கள் நம்புவதும் இதே வர்க்கமூலத்தைத்தான்.

அதைவிட ஆச்சரியம் குச்சி அடுத்த பொருளைத் தொடும் இடத்தில் இருக்கிறது. அந்தப் பொருள் ஒரு பொம்மைக் கார் என்று வைத்துக்கொள்வோம். காரைக் குச்சி தள்ளவே இல்லை. காரை நகர்த்தியது நம் விரல். ஆனாலும் திரையில் ‘குச்சி இடித்தது, கார் ஓடியது’ என்று சந்தேகமில்லாமல் பார்க்கிறோம். பெல்ஜியத்தின் லூவென் நகரில் உளவியலாளர் ஆல்பர்ட் மிஷாத் இதைத்தான் ஆராய்ந்து 1946-இல் நூலாக வெளியிட்டார். காகித வட்டில் வண்ணக் கோடுகளை வரைந்து, அதைச் சுழற்றி, ஒரு பிளவின் வழியே பார்க்கவைத்தார். சிறு கட்டம் ஒன்று வந்து இன்னொன்றைத் தொடும், உடனே இரண்டாவது கிளம்பும். அங்கே இடியும் இல்லை, பொருளும் இல்லை, வெறும் மைதான். பார்த்தவர்களோ முதலாவது இரண்டாவதைத் தள்ளியதாகவே கண்டார்கள். தொட்டதற்கும் கிளம்பியதற்கும் நடுவே ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கு தாமதம் நுழைந்ததும் அந்தக் காட்சி கலைந்தது. இரண்டு கட்டங்களும் தனித்தனியே நகர்வதாகத் தெரிந்தன.

நம் ஃபிரேம் கணக்கில் சொன்னால், குச்சி தொட்ட அடுத்த படத்திலேயே கார் அசைந்துவிட வேண்டும். கூடுதலாக ஒரு படம் சும்மா நின்றால் பிடி தளரும். மூன்று படம் நின்றால் சங்கிலி அறுந்துபோகும்.

அப்படியானால் திரி எரியும் இடங்கள்? ஃபிஷ்லி–வைஸ் படத்தில் நுரை ஊறி வழியவும் தீ ஊர்ந்து போகவும் பல நொடிகள் ஆகின்றன, ஆனாலும் தொடர் அறுவதில்லை. ஏதோ ஒன்று கண்முன் நகர்ந்துகொண்டே இருப்பதுதான் காரணம் என்பது என் கணிப்பு. எனவே சணல் நூலின் மேல் சிவப்பு ஜிகினாத் துணுக்கு ஒன்றைப் படத்துக்குப் படம் அரை சென்டிமீட்டர் நகர்த்துங்கள். துணுக்கின் வடிவத்தையும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றுங்கள். தீ துடிப்பது அதில்தான் வரும். பின்னால் பஞ்சைப் பிய்த்து வைத்தால் அது புகை.

நூலின் முடிவில் வெடி. அட்டைக் குழாய் முழுதாக இருக்கும் படம் ஒன்று. அடுத்த படத்தில் குழாய் இல்லை, மேசை முழுக்கக் காகிதத் துணுக்குகள், விளிம்புவரை. நடுவில் துணுக்குகள் பறக்கும் படம் எதையும் எடுக்க வேண்டாம், எடுத்தால் வெடி மெத்தனமாகிவிடும். பன்னிரண்டில் ஒரு பங்கு நொடியில், எடுக்காத அந்தப் படத்தை மூளையே போட்டுக்கொள்ளும்.